முறை இல்லாத நாளில் திறந்த வால்வு

தண்ணீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். குழாயை எப்படி இணைப்பது, மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் கையிலிருக்கும் ஃபோன் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். கை நாலு தடவை கிழிந்தால் மீதியும் தானாக வந்துவிடும். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. முப்பத்துமூன்று வருடம் ஃபிட்டராக இருந்தவன் நல்லதும் நாலு செய்திருப்பேன். அதைப் பேசுவதற்கு ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலும் வேலை பார்த்திருக்கிறேன். இது எந்த ஊரில் நடந்தது என்று சொல்லமாட்டேன். அந்தத் தெருவில் இன்னும் அதே ஆட்கள் குடியிருக்கிறார்கள். பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஏதோ ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக நினைக்காதீர்கள். ஊராருடைய அடுப்படியில் சேர்ந்திருக்கிறீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற ஊரில் காலண்டர் நம் கையில்தான் இருக்கிறது. நர்ஸ் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் தண்ணீர் முறையைப் பார்த்துத்தான் டியூட்டி மாற்றிக்கொள்வார். பெண் பார்க்க வருகிறவர்களைத் தண்ணீர் வராத நாளில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்ட வீடு எனக்குத் தெரியும். சென்னைக்கு ரயிலில் போய்வருகிற ஒருவர், வீட்டில் மோட்டார் போட வேறு ஆளில்லாததால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடுத்த வண்டிக்குத்தான் போவார். கவுன்சிலர் பெயர் தெரியாதவர்களுக்கும் தண்ணீர் விடுகிறவன் ஃபோன் நம்பர் தெரியும். அரை மணி தாமதமானால் போதும், என் ஃபோன் அடுப்பு மாதிரி சூடாகிவிடும். என்னைத் திட்டாத வாய் அந்த ஊரில் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

இந்த முறைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு முறை கிடையாது. எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் வால்வு திறக்கிற எங்களில் இதை மீறினவன் யாரும் இல்லை. தெருவில் யாராவது இறந்துவிட்டால் ஒரு ஃபோன் வரும். அன்று அந்தத் தெருவுக்கு முறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரை மணி நேரம் திறந்துவிடுவோம். உடலைக் குளிப்பாட்ட வேண்டும், வந்தவர்கள் கைகால் கழுவ வேண்டும், எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட வேண்டும். அதற்கு ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டோம். பதிவேட்டிலும் ஏற்றமாட்டோம், அதில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது. குழாயடியில் குடத்தால் இடித்துக்கொள்கிற பெண்கள்கூட அந்த அரை மணி நேரம் சத்தமில்லாமல் நிற்பார்கள். என் வேலையில் எனக்குப் பிடித்த அரை மணி நேரம் அதுதான்.

ஒரு கோடையில், திங்கட்கிழமை மதியம், கேபிள் பதிக்கத் தோண்டிய இயந்திரம் ஒரு தெருவின் முனையில் நம் குழாயை உடைத்துவிட்டது. பக்கத்திலேயே சாக்கடை. பள்ளம் நிறையக் கறுப்புத் தண்ணீர். உடைந்த குழாயின் இரண்டு வாயும் அதற்குள் மூழ்கிக் கிடந்தன. நானும் இன்னும் இரண்டு பேரும் இறைத்து ஊற்றி, உடைந்ததை அறுத்தெடுத்துப் புதுத் துண்டு போட்டு முடித்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இப்படிப் பழுது பார்த்தால் அதோடு வேலை முடிவதில்லை. கழிவு வால்வைத் திறந்து தண்ணீரை ஓடவிட வேண்டும். பிளீச்சிங் கரைசல் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். பிறகு கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது, திறக்கலாம். வராவிட்டால் திறக்கக்கூடாது.

அந்தத் தெருவுக்கு முறை புதன்கிழமைதான். செவ்வாய் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று மூவரும் வீட்டுக்குப் போனோம். அதில் தப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

செவ்வாய் காலை பம்ப் ஹவுஸில் மோட்டார் நின்றுவிட்டது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒன்பது மணி வாக்கில் ஃபோன் வந்தது. அந்தத் தெருவில் குடியிருந்த அமலதாஸ். அவருடைய அம்மா ரோசலின் டீச்சர் அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர். என் மகளுக்கும்தான்.

"ஃபிட்டரே, அம்மா போயிட்டாங்க. விடிகாலைல. சாயங்காலம் மாதா கோயிலுக்கு எடுத்துக்கினு போறோம். ஒரு அரை மணி தண்ணி விட்டீங்கன்னா..." என்றார்.

மேல்நிலைத் தொட்டியில் அரை மணிக்குப் போதுமான தண்ணீர் இருந்தது. மோட்டாரை மற்றவர்களிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வால்வுக் குழியின் மூடியைத் தூக்கி, இரும்புச் சாவியை உள்ளே இறக்கினேன்.

கழுவாத குழாய் என்பது மறந்துவிட்டது என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும். மறக்கவில்லை. குழிக்குள் குனிந்தபோதே ஞாபகம் வந்தது. நேற்றுப் போட்ட புதுத் துண்டு அங்கிருந்து நாற்பது அடியில், மண் காயாமல் இருந்தது. கழுவி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். சாவு வீட்டில் போய், ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது? இல்லையென்றால் திறந்துவிட்டு, இதை வாயில் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். டீச்சரைக் கிடத்தியிருக்கும் வீட்டு வாசலில் நின்றுகொண்டு சாக்கடையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. குளிப்பாட்டவும் கழுவவும்தானே கேட்கிறார்கள், குடிக்கத்தான் எல்லாரும் கேன் வாங்குகிறார்களே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திறந்தேன்.

இதில் நான் செய்த தப்பு எது என்று நன்றாகப் பாருங்கள். தண்ணீர் குழாயை விட்டு வெளியே வந்துவிட்டால் அது எதற்குப் போகும் என்று சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது. குளிக்கிற தண்ணீர், குடிக்கிற தண்ணீர் என்று இரண்டு குழாய் அந்தத் தெருவில் இல்லை. முதல் இரண்டு குடம் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவைப் பார்த்து நானும் தெளிந்துவிட்டேன். முறை இல்லாத நாளில் தண்ணீர் வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள். தெரு முழுக்க மோட்டார் போட்டுத் தொட்டிகளை நிரப்பிக்கொண்டார்கள்.

மதியம் மூன்று மணிக்கு டீச்சருக்கு மாலை போடப் போனேன். நல்ல வெயில். பந்தலுக்கு வெளியே ஷகிலா என்ற பெண் பெரிய டிரம்மில் நீர்மோர் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். கோட்டக்குப்பம் பக்கத்துக்காரர். கணவர் குவைத்தில். சின்னப் பெண் குழந்தையோடு அந்தத் தெருவுக்கு வாடகைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. யாரோடும் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. அன்று தெருவே அவரிடம் கை நீட்டி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் துக்கத்தோடு ஒரு சின்ன நிறைவும் தெரிந்தது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். கேன் தண்ணீரா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. கேன் வண்டி சாயங்காலந்தான் வரும்னுட்டான். நல்ல வேளைக்கு நீங்க வுட்டீங்க. அதுலதான் கலக்கினேன். குடிங்க, வெயில்ல நின்னுக்கினு இருக்கீங்க."

டம்ளர் என் கையில் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். டிரம்மில் பாதி இன்னும் மீதி இருந்தது. சுற்றிலும் ஜனம். பந்தலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். பிறகு வருவது எனக்கும் வரட்டும் என்று ஒரே மடக்காகக் குடித்துவிட்டேன். அதை அப்போது நேர்மை என்று நினைத்தேன். இப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். வாய் திறந்து சொல்ல பயந்தவன் வாய் திறந்து குடித்தான், அவ்வளவுதான். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. வயிறு கலங்கியிருந்தால் கொஞ்சமாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை விடிந்ததும் தெருவில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு ஒருவர் இருவர் என்று ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லாரும் பொதுவாக எதைச் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மோர் என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை. சுகாதாரப் பிரிவு ஆட்கள் வந்து ஷகிலாவின் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் அவரை மாத முடிவில் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

காலை ஒன்பது மணிக்கு அமலதாஸ் என்னைக் கூப்பிட்டார். நேற்றுத் தண்ணீர் வந்ததா என்று சுகாதாரப் பிரிவு ஆட்கள் அவரிடமும் கேட்டிருக்கிறார்கள்.

"வரலன்னு சொல்லிட்டேன் ஃபிட்டரே. தெருவுலயும் சொல்லி வச்சிருக்கேன். எங்க அம்மாவுக்காக முறை இல்லாம வுட்டீங்க. ஒங்களுக்கு மெமோ வாங்கிக் குடுக்கறதா? யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்க கவலப்படாதீங்க."

தாயைப் புதைத்த மறுநாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவே எனக்காகப் பொய் சொன்னது. அந்தப் பொய்யால் அவர்கள் தொட்டிகளில் கிடந்த தண்ணீரின் மேல் யாருக்கும் சந்தேகம் வராமல் போனது. அமலதாஸுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும், சரிங்க என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

பத்து மணிக்கு எங்கள் பொறியாளர் கூப்பிட்டார். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆன பெண். என் மகளைவிட இளையவர். அந்த வேலையில் எனக்கு யாராவது எதையாவது கற்றுக்கொடுத்தார்கள் என்றால் அது அவர்தான். ஆனால் அன்று காலை வரை, புத்தகம் படித்து வந்த பொண்ணு என்றுதான் நான் அவரைப் பற்றி டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தெருவுக்கு நேத்து முறை இல்ல. பதிவேட்டுலயும் இல்ல. அப்போ நம்ம தண்ணியால இல்ல, அப்படித்தானே?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சாதாரணமாகக் கேட்கிறவர் அவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டார்.

"ஆமா மேடம்" என்றேன்.

ஓய்வு பெற எனக்குப் பதினாலு மாதம் இருந்தது. பென்ஷன், மகள் கல்யாணம், எல்லாம் கண் முன்னால் வந்து வரிசையாக நின்றது. இன்று முறையானாலும் அந்தத் தெருவுக்குத் திறக்கப்போவதில்லை, குழாயைக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். உண்மையாகவே போய்க் கழுவினேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன் என்று சொல்ல வேண்டும். குழாய் சுத்தமாகிக்கொண்டிருந்தது. வீட்டுத் தொட்டிகளில் நேற்றையத் தண்ணீர் அப்படியே கிடந்தது. ஒரு வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கழுவினேன்.

இரண்டு மணிக்கு மனது கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடையில் பாய் போட்டுத் தெரு ஆட்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஷகிலா அவர்களோடு இல்லை. தள்ளி, மாடிப்படி ஓரம், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தைக்கும் வந்துவிட்டது. எதிரில் இருந்த பெண்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து ஒரு டம்ளரில் கொட்டினார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். எங்கே பிடித்த தண்ணீர் என்று கேட்டேன்.

"வூட்டுத் தண்ணிதாண்ணே. முந்தாநேத்து வாங்கின கேனு தீந்துபோச்சு. இது நேத்து புடிச்சது. கொழந்தைக்கு வெளித் தண்ணி ஒத்துக்காது."

நான் அந்தப் பாட்டிலைப் பிடுங்கினேன். கேட்டு வாங்கவில்லை, பிடுங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் இந்த வயதிலும் தூக்கம் கெட்டு நினைத்துக்கொள்கிறேன்.

"நீங்களுமாண்ணே?" என்றார். என் கையால எதுவும் குடுக்கக் கூடாதுன்னு நீங்களும் நெனைக்கிறீங்களா என்பதைத்தான் அப்படிக் கேட்டார்.

"மோருல ஒண்ணும் இல்லம்மா. தண்ணிலதான். நான் வுட்ட தண்ணில."

குழாய் உடைந்ததையும், சாக்கடையையும், கழுவாமல் திறந்ததையும் மெதுவாகச் சொன்னேன். அவர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். முடித்ததும், பாயில் கிடந்தவர்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னாண்ணே ஆவும். அவங்ககிட்ட சொல்லுங்க."

அது பத்தடி தூரம்தான். நான் நடந்ததிலேயே நீளமான பத்தடி. போய் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மோரைக் குறை சொல்லாதீர்கள், வீட்டுத் தொட்டியில் இருக்கும் தண்ணீரை யாரும் தொடக்கூடாது, வீட்டில் இருப்பவர்களுக்கு உடனே ஃபோன் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். யாரும் கத்தவில்லை. அமலதாஸ் ஊசி போட்ட கையோடு எழுந்து உட்கார்ந்தார். காலைலயே சொல்லியிருக்கலாமே ஃபிட்டரே என்று மட்டும் கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஃபோனை எடுத்தார்கள். ஷகிலாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் போய் உட்கார்ந்து, தன் பையிலிருந்த கேன் தண்ணீரை அந்த டம்ளரில் ஊற்றினார்.

நான் திரும்பி வந்தபோது ஷகிலா கேட்டார். "நேத்து டம்ளரக் கையில வச்சிக்கினு நின்னீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு இந்த நாள்வரை என்னோடு பேசியதில்லை. அதில் அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் அந்த வீட்டைக் காலி செய்யவில்லை. வீட்டுக்காரரே போய் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்கள்.

பொறியாளருக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஃபோன் போட்டுச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். எத்தனை வீட்டில் தொட்டி இருக்கிறது என்று கேட்டார், அவ்வளவுதான். அரை மணிக்குள் ஆட்டோவில் மைக் கட்டித் தெருவுக்குத் தெரு சொல்லவைத்தார். லாரித் தண்ணீர் வந்தது. வீடு வீடாகத் தொட்டியைத் திறந்து இறைத்துக் கழுவினோம். அந்தப் பெண்ணும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே நின்றார். வேலை ஓய்ந்து வால்வுக் குழி ஓரம் உட்கார்ந்தபோதுதான் பேசினார்.

"கலங்கின தண்ணிய யாரும் குடிக்க மாட்டாங்க. அது அவங்களுக்கே தெரிஞ்சிடும். தெளிவா இருக்கற தண்ணிக்கு நாமதான் சாட்சி. காலைல நான் கேட்டப்ப சொல்லியிருந்தீங்கன்னா நாலு மணி நேரம் கெடச்சிருக்கும். அந்த நாலு மணி நேரத்துல யாரு இன்னா குடிச்சாங்களோ."

யார் குடித்தார்கள் என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. தெருக்கோடியில் இஸ்திரி போடும் கோவிந்தன். அறுபது தாண்டியவர், சர்க்கரை நோய்க்காரர். துணி கொடுக்கப் போயிருந்ததால் அவர் செவ்வாய்க்கிழமை மோரே குடிக்கவில்லை. அவருடைய மனைவி சரோஜா புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, குடத்திலிருந்த தண்ணீரில் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்திருக்கிறார். மோர் குடித்தவர்களுக்குத்தான் வருகிறது என்று ஊரே சொன்னதால், நமக்கென்ன பயம் என்று இருந்துவிட்டார்கள். நாலு மணிக்கு ஆரம்பித்தது. அங்கிருந்து புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

மற்ற எல்லாரும் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பினார்கள். ஷகிலாவின் குழந்தையும் தேறிவிட்டது. கோவிந்தன் மட்டும் திரும்பவில்லை. வயது, சர்க்கரை, ஏற்கெனவே கெட்டிருந்த சிறுநீரகம் என்று டாக்டர்கள் பல காரணம் சொன்னார்களாம். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருந்ததும் உண்மைதான்.

விசாரணை வந்தது. கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். கிடைத்த தண்டனையை வாங்கிக்கொண்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. விசாரணை முடிகிற வரை என்னை வீட்டில் உட்கார வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஊரின் பழைய வால்வுகளில் எது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்பதால், பொறியாளர் கூடவே நின்று என்னை வேலை வாங்கினார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கண்ணாடிக் குழலை என் கையிலிருந்து வாங்கி அவரும் ஒரு தடவை பார்ப்பார். முதல் நாள் எனக்கு அது உறுத்தியது. மறுநாளிலிருந்து அவர் கேட்கும் முன்னால் நானே நீட்டிவிடுவேன்.

இந்த வேலையில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். மளிகைக் கடைக்காரன் ஏமாற்றினால் ஜனங்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். டாக்டர் பிடிக்கவில்லையென்றால் வேறு டாக்டர். நம்மை விட்டு எங்கே போவார்கள்? நாம் என்ன கொடுமை செய்தாலும் மறுநாள் காலையில் அதே குடத்தை அதே குழாயடியில்தான் வைக்க வேண்டும். நம்மேல் கோபப்படக்கூட அவர்களுக்கு முழு உரிமை கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு முன்னால் கூச்சப்பட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நிற்பது மரியாதை ஆகாது. அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள், சொன்னால் தாங்கமாட்டார்கள் என்று நாமே முடிவு செய்கிறோம். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதை நான் அவர்கள் துக்கத்தின்மேல் போட்டேன்.

சனிக்கிழமை காலை கோவிந்தன் உடலைக் கொண்டுவந்தார்கள். அன்று அந்தத் தெருவுக்கு முறை இல்லை. எனக்குச் செய்தி தெரியும். போவதா வேண்டாமா, போனால் எந்த முகத்தோடு நிற்பது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். லாரியில் தண்ணீர் வாங்கிக்கொள்வார்கள், இனி அந்தத் தெருவிலிருந்து சாவுக்கு யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"சரோஜா பேசுறேன் ஃபிட்டரே. அவரக் கொண்டாந்துட்டாங்க. குளிப்பாட்டணும். தண்ணி வுடுங்க."

மூன்று நாளாக அவரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சேர்த்துக்கொண்டிருந்தேன். அழுகைதான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு, தண்ணீரைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"வர்றேம்மா. ஆனா ஒடனே வுட முடியாது. ஒரு நாளா காலியா கெடந்த கொழா. கழுவி வுட்டு, மருந்து போட்டுப் பாத்துட்டுதான் தொறப்பேன். ஒரு மணி நேரம் ஆவும்."

அந்தப் பக்கம் யாரோ அழுவது கேட்டது.

"ஆவட்டும்" என்றார் சரோஜா. "காத்துக்கினு இருக்கோம்."

ரோசலின் டீச்சர் வீட்டில் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.